கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் வரட்டும், கல்லூரிகளைத் தொட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்னை லயோலா கல்லூரி 2025இல் நூறு வயதைத் தொட்டது. அதே ஆண்டு அக்டோபரில், இயங்கிவரும் கல்லூரிகளே தனியார் பல்கலைக்கழகங்களாக மாறிக்கொள்ள வழிசெய்யும் திருத்த மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 2019ஆம் ஆண்டுத் தனியார் பல்கலைக்கழகச் சட்டம் கேட்கும் 100 ஏக்கர் நிலத்தை மாநகரப் பகுதிகளில் 25 ஏக்கராகக் குறைக்கவும் அது இடம் தந்தது. ஆசிரியர் சங்கங்களும் கட்சிகளும் எதிர்த்ததால் அரசு அதை மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொண்டது. மசோதா ஒதுங்கிவிட்டாலும் பேச்சு ஓயவில்லை. கத்தோலிக்கத் துறவியரான இயேசு சபையினர் (ஜெசுவிட்) நடத்தும் பல்கலைக்கழகம் பெங்களூரில் இருக்கிறது, கொல்கத்தாவில் இருக்கிறது, புவனேஸ்வரத்தில் இருக்கிறது. இத்தனை பழைய கல்லூரிகளை வைத்திருக்கும் தமிழ்நாட்டில் இயேசு சபையினருக்கு ஏன் ஒரு பல்கலைக்கழகம் இல்லை என்று கத்தோலிக்க வட்டாரங்களில் பலரும் கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஒரு அரசு உதவி பெறும் கல்லூரி தனியார் பல்கலைக்கழகமாக மாறும்போது கைமாறுவது பெயர்ப்பலகை மட்டுமல்ல. யார் சேரலாம், எவ்வளவு கட்டணம், ஆசிரியருக்கு யார் சம்பளம் தருகிறார், கணக்கை யார் கேட்கலாம் என்பதெல்லாம் மாறுகின்றன. அதைப் பெற்றோரும் பங்கு (கோயில் வட்டார) மக்களும் தெளிவாகத் தெரிந்துகொண்ட பிறகே இந்த விவாதம் நடக்க வேண்டும் என்பதால் இக்கடிதம் சற்று நீள்கிறது.

முதலில் இந்தக் கல்லூரிகள் எப்படி வந்தன என்பது. 1773இல் திருத்தந்தையால் கலைக்கப்பட்ட இயேசு சபை 1814இல் மீண்டும் உயிர்பெற்றது. பிரெஞ்சு இயேசு சபையினர் மதுரை மறைபரப்புப் பகுதிக்கு 1830களின் இறுதியில் திரும்பி வந்தார்கள். 1844இல் நாகப்பட்டினத்தில் அவர்கள் தொடங்கியதுதான் புனித வளனார் கல்லூரி. அப்போது சென்னைப் பல்கலைக்கழகமே கிடையாது. அது பிறந்தது 1857இல். 1866இல் அதனோடு இணைந்த கல்லூரி, 1883இல் திருச்சிக்குக் குடிபெயர்ந்து மலைக்கோட்டைக்குக் கீழே தெப்பக்குளத்தை ஒட்டி நிலைகொண்டது. பாளையங்கோட்டையில் 1923இல் தூய சவேரியார் கல்லூரி. சென்னையில் 1925இல் பிரெஞ்சுக் குரு பிரான்சிஸ் பெர்ட்ராம் தொடங்கிய லயோலா. பெண்களுக்கு, நாடு விடுதலையான 1947இல் சென்னையில் ஸ்டெல்லா மேரிஸ். 1953இல் மதுரையில் பாத்திமா. 1954இல் வேலூரில் ஆக்சீலியம். சலேசிய சபையினர் 1951இல் திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரியைத் தொடங்கினார்கள்.

இவற்றில் எதுவும் பட்டம் வழங்கும் அதிகாரத்தோடு பிறக்கவில்லை. ஆனாலும் ஒரு பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய வேலையை இவை செய்தன. சார்லஸ் ரசீன் என்ற பிரெஞ்சு இயேசு சபைக் குரு திருச்சியிலும் பிறகு லயோலாவிலும் கணிதம் கற்பித்தார். பிரெஞ்சுக் கணித அறிஞர் எலி கார்ட்டானின் மாணவரான அவர், சென்னை மாகாணத்தில் வழக்கமாக இருந்த கேம்பிரிட்ஜ் பாணிப் பாடத்தைத் தாண்டி, அன்று பிரான்சில் உருவாகிக்கொண்டிருந்த புதுக் கணிதத்தை வகுப்புக்குக் கொண்டுவந்தார். சி.எஸ். சேஷாத்ரியும் எம்.எஸ். நரசிம்மனும் அவரிடம் பயின்றவர்கள். இருவரும் 1953இல் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனார்கள்; 1965இல் அவர்கள் சேர்ந்து நிறுவிய தேற்றம் உலகக் கணிதத்தில் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. திருச்சியில் கே.எம். மேத்யூ என்ற குரு, ராபினாட் உலர்தாவரக் காப்பகத்தை மையமாக வைத்துத் தமிழகச் சமவெளியின் தாவரங்களை ஒவ்வொன்றாகச் சேகரித்து, உலர்த்தி, வரைந்து, பல தொகுதிகளாக வெளியிட்டார். இன்றைக்கும் நம் ஊர்ச் செடி ஒன்றை அறிவியல் முறையில் அடையாளம் காண வேண்டுமானால் ஆய்வாளர்கள் எடுக்கும் நூல் அது. லயோலாவில் பூச்சியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1963 முதல் இருக்கிறது. பாளையங்கோட்டையில் நாட்டார் வழக்காற்றியலுக்கென்றே ஒரு துறையும் ஆய்வு மையமும் வளர்ந்தன. ராமேஸ்வரத்திலிருந்து வந்த அப்துல் கலாம் இயற்பியலில் 1954இல் பட்டம் பெற்றது திருச்சியில்தான்.

ஆக, பல்கலைக்கழகமாக இருந்தால்தான் தரமான ஆய்வும் பாடமும் வரும் என்ற வாதத்தை இந்த வரலாறே ஏற்கவில்லை.

அடுத்து தன்னாட்சி. கல்வி பற்றி ஆராய்ந்த கோத்தாரி ஆணையம் 1966இல் சொன்ன யோசனையை நாட்டிலேயே முதலில் நடைமுறைப்படுத்திய மாநிலங்களில் ஒன்று தமிழ்நாடு. 1978இல் தன்னாட்சி பெற்ற முதல் தொகுதிக் கல்லூரிகளில் லயோலாவும் திருச்சி வளனாரும் இருந்தன. ஸ்டெல்லா மேரிஸ் போன்றவை 1987இல் சேர்ந்தன. தன்னாட்சிக் கல்லூரி தன் பாடத்திட்டத்தைத் தானே வகுக்கிறது, தேர்வைத் தானே நடத்துகிறது, மதிப்பெண் பட்டியலைத் தானே தருகிறது. பட்டச் சான்றிதழை மட்டும் தாய்ப் பல்கலைக்கழகம் வழங்குகிறது: லயோலாவுக்குச் சென்னை, வளனாருக்குப் பாரதிதாசன். ஒரு புதுப் பாடத்தாளைக் கொண்டுவர வேண்டுமானால் துறை வரைவைத் தயாரித்துப் பாடத்திட்டக் குழுவில் வைக்க வேண்டும். அந்தக் குழுவில் துறை ஆசிரியர்களோடு வெளிக் கல்லூரி வல்லுநர் இருவர், துணைவேந்தர் நியமிக்கும் ஒருவர், தொழில்துறையிலிருந்து ஒருவர், முதுகலை முடித்த முன்னாள் மாணவர் ஒருவர் இருப்பார்கள். அங்கே தேறிய பிறகு கல்விப் பேரவை. ஒழுங்காக நடந்தால் ஓராண்டுக்குள் புதிய பாடம் வகுப்பறைக்கு வந்துவிடும். பல்கலைக்கழகமாக மாறினால்தான் பாடத்திட்டத்தில் சுதந்திரம் என்பவர்கள், இப்போது கையில் இருக்கும் சுதந்திரத்தை எவ்வளவு பயன்படுத்தினோம் என்று முதலில் கணக்குப் பார்க்கட்டும். பல துறைகளில் பாடத்திட்டக் குழு கூடுவது ஒரு சடங்காகச் சுருங்கிப்போனதுதான் உண்மையான குறை. அதற்கு மருந்து துறைக்குள்தான் இருக்கிறது. புதுச் சட்டம் இயற்றி அதைச் சரிசெய்ய முடியாது.

தன்னாட்சியில் வேறு கோளாறுகளும் உண்டு. அகமதிப்பீட்டு மதிப்பெண் சில கல்லூரிகளில் 25, சிலவற்றில் 40, சிலவற்றில் 50. அகமதிப்பீட்டின் பங்கு கூடக் கூட ஆசிரியரின் நேர்மைக்கு வேலை கூடுகிறது. வினாத்தாளை வெளியார் அமைத்தாலும் பாதி மதிப்பெண் உள்ளேயே முடிவாகிவிடுகிறது. பாடத்திட்டம் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடுவதால் இரண்டாம் ஆண்டில் வேறு கல்லூரிக்கு மாற நினைக்கும் மாணவர் விடுபட்ட தாள்களையெல்லாம் மறுபடி எழுத நேர்கிறது. துணைவேந்தர் நியமனத்தில் சிக்கல் வந்தால் பட்டமளிப்பு விழா தள்ளிப்போய், வெளிநாடு போக வேண்டிய பிள்ளை தற்காலிகச் சான்றிதழோடு நிற்கிறது. இந்தக் கடைசிக் குறைதான் ‘நாமே பட்டம் கொடுத்துவிடலாமே’ என்ற ஆசையைக் கிளறிவிடுகிறது. அந்த ஆசையின் நியாயத்தை மறுக்க முடியாது.

இனி விஷயத்தின் மையம்: அரசு உதவி.

ஒரே வளாகத்தில் இரண்டு கல்லூரிகள் இயங்குகின்றன என்பதை விண்ணப்பம் வாங்க வரும் பெற்றோரில் பலர் கவனிப்பதில்லை. காலையில் நடப்பது பெரும்பாலும் அரசு உதவி பெறும் பிரிவு: தமிழ், ஆங்கிலம், வரலாறு, பொருளியல், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், பழைய வணிகவியல் பிரிவு. இங்கே அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் இருக்கும் ஆசிரியருக்கு அரசு ஊதியம் தருகிறது. அதனால் கட்டணம் குறைவு. மதியம் நடப்பது சுயநிதிப் பிரிவு: பி.சி.ஏ., பி.பி.ஏ., காட்சித் தொடர்பியல், கணினி சார்ந்த புதுப் படிப்புகள், கூடுதல் பி.காம். பிரிவுகள். இங்கே ஆசிரியரின் சம்பளம் மாணவரின் கட்டணத்திலிருந்து வருகிறது. ஆகவே கட்டணம் பல மடங்கு. 1980களுக்குப் பிறகு புதிய பாடப்பிரிவுகளுக்கு அரசு உதவி ஏறக்குறைய நின்றுபோனதால், கல்லூரி வளர்ந்ததெல்லாம் மதியத்தில்தான். வாயிலில் இருப்பது ஒரே பெயர், கிடைப்பதும் ஒரே பல்கலைக்கழகப் பட்டம். கட்டண ரசீது மட்டும் வேறு. சேர்க்கைக் கடிதத்தில் எந்தப் பிரிவு என்று எழுத்தில் இருக்கிறதா எனப் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். காலைப் பிரிவிலும்கூடத் தேர்வுக் கட்டணம், கணினிக் கட்டணம், நூலகக் கட்டணம் என்று தனித்தனியே சேரும். மொத்தத் தொகையை ஆறு பருவத்துக்கும் சேர்த்துக் கேட்பது நல்லது.

அந்தக் காலைப் பிரிவோடு மூன்று உரிமைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இதைத்தான் எவரும் பேசுவதில்லை.

ஒன்று, அரசமைப்புச் சட்டத்தின் 29(2) பிரிவு. அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் கல்வி நிறுவனத்தில் மதம், இனம், சாதி, மொழி என்ற காரணத்துக்காக மட்டும் எவருக்கும் இடம் மறுக்கக் கூடாது என்கிறது அது. கவனியுங்கள்: அரசு நிதி பெறும் நிறுவனத்தில். நிதி போனால் இந்தக் காப்பும் போகிறது. சிறுபான்மையினர் தாங்கள் விரும்பும் கல்வி நிறுவனத்தை நிறுவி நடத்தும் உரிமை 30(1) பிரிவில் இருக்கிறது. அது மதிக்கப்பட வேண்டிய உரிமை, லயோலாவின் முதல்வராக இருந்த ஜெரோம் டிசூசா அரசமைப்பு நிர்ணய சபையில் உறுப்பினராக அமர்ந்திருந்த நாட்களில் வடிவம் பெற்ற உரிமை. அந்த 30(1) இன்றுவரை இங்கே எல்லோருக்கும் நன்மையாக இருந்ததற்குக் காரணம், அரசு உதவியும் 29(2)ம் அதன் மறுபக்கத்தில் இருந்து சமன் செய்ததுதான். 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த 15(5) பிரிவு தனியார் கல்வி நிறுவனங்களில் இட ஒதுக்கீட்டுக்கு வழிசெய்தபோது, சிறுபான்மை நிறுவனங்களுக்கு விலக்கு அளித்தது. எனவே உதவி பெறாத ஒரு சிறுபான்மைப் பல்கலைக்கழகத்தில் இட ஒதுக்கீடு என்பது நிர்வாகத்தின் நல்லெண்ணத்தைப் பொறுத்தது. இன்றைய நிர்வாகத்தின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. முப்பது ஆண்டு கழித்து அந்த நாற்காலியில் யார் இருப்பார், கடன் எவ்வளவு இருக்கும் என்பதை யாரும் உறுதி சொல்ல முடியாது.

இரண்டு, தகவல் அறியும் உரிமை. அரசிடமிருந்து கணிசமாக நிதி பெறும் கல்லூரியும் அச்சட்டத்தின் கீழ் வரும் என்று 2019இல் டி.ஏ.வி. கல்லூரி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சேர்க்கைப் பட்டியல், பணியிட விவரம், கட்டணக் கணக்கு இவற்றைப் பத்து ரூபாய் கட்டணத்தில் ஒரு மாணவரோ பெற்றோரோ கேட்கலாம். அரசு உதவி இல்லாத நிறுவனத்திடம் இப்படி நேரடியாகக் கேட்க முடியாது.

மூன்று, ஆசிரியரின் பணிப் பாதுகாப்பு. 1976ஆம் ஆண்டு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டமும் அரசு நேரடியாகத் தரும் ஊதியமும் சேர்ந்துதான், நிர்வாகத்துக்குப் பிடிக்காத கருத்தைச் சொல்லும் பேராசிரியரையும் வேலையில் வைத்திருந்தன. மேத்யூ போன்றவர் ஒரு தாவரத் தொகுப்புக்காக ஆண்டுக்கணக்கில் உழைப்பதற்குத் துறவற வாழ்வு துணையாயிருந்தது. துறவியல்லாத பொதுநிலை ஆசிரியர் ஒருவர் அப்படி உழைக்க வேண்டுமானால் அவருக்கு நிலையான வேலை வேண்டும்.

இந்த மூன்றும் கடைசியில் யாரைத் தொடுகின்றன? தமிழ்நாட்டுக் கத்தோலிக்கரில் பெரும்பங்கினர் தலித் மக்கள். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சமூகத் தகுதியை இந்துக்களோடு நிறுத்தியது. பிறகு சீக்கியரும் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. நம் மாநிலத்தில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் தங்களைவிட வசதியான சமூகங்களோடு போட்டியிடுகிறார்கள். அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி கல்லூரிக்குள் நுழையும் கதவு காலைப் பிரிவு. பல்கலைக்கழகம் வேண்டும் என்று தீர்மானம் போடும் பங்குப் பேரவைகள் இந்தக் கதவைப் பற்றி ஒரு வரியாவது அதில் எழுத வேண்டும்.

நிர்வாகங்கள் ஏன் பல்கலைக்கழகத்தை நாடுகின்றன என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அரசு உதவிப் பணியிடத்தில் ஒருவர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்தை நிரப்ப விளம்பரம், தேர்வுக் குழு, பல்கலைக்கழகத்தின் தகுதி ஒப்புதல், பிறகு கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநரின் பணி ஒப்புதல் என்று ஒரு வரிசை உண்டு. கடைசி ஒப்புதல் வந்தால்தான் ஊதியம். கோப்பு நடுவில் நின்றால், நியமனம் பெற்ற ஆசிரியர் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில், அரசு ஊதியமின்றி வேலை பார்க்கிறார். அல்லது நிர்வாகம் ஒரு சிறு தொகையைக் கொடுத்து ஒப்பேற்றுகிறது. தேர்வுக் குழுவில் யார் இருக்க வேண்டும் என்ற தகராறு நீதிமன்றம் போகிறது. இப்படித்தான் துறைகள் மெல்ல மெல்லக் காலியாகின்றன. இருபது பணியிடம் இருந்த துறையில் ஆறு பேர் மிஞ்சும்போது, ‘உதவியே வேண்டாம், நம் காலில் நிற்போம்’ என்று நிர்வாகம் நினைப்பது இயல்பு. அரசு தன் கடமையில் இழுத்தடிப்பதால் பிறக்கும் முடிவு அது. குற்றத்தை நிர்வாகத்தின் மேல் மட்டும் சுமத்துவது நியாயமல்ல.

சரி, பல்கலைக்கழகம்தான் வேண்டும் என்றால் எந்த வழி? பக்கத்திலேயே இரண்டு முன்மாதிரிகள் இருக்கின்றன.

பெங்களூரு வழி: 1882இல் பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையினர் தொடங்கி, 1937இல் இயேசு சபையிடம் வந்த புனித வளனார் கல்லூரி, 2005இல் தன்னாட்சி பெற்று, 2022இல் கல்லூரியே பல்கலைக்கழகமாக உருமாறியது. கர்நாடகம் அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. உயர்கல்விக்கு நிதி தரும் மத்திய அரசின் ரூசா திட்டத்துக்கும் அதில் பங்கு உண்டு. அதே நகரில் கார்மேல் சபையினர் 1969இல் தொடங்கிய கிறைஸ்ட் கல்லூரி வேறு பாதையில், பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சட்டத்தின் 3ஆம் பிரிவின் கீழ் 2008இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. இரண்டிலும் பழைய கல்லூரி என்ற ஒன்று தனியாக மிஞ்சவில்லை.

கொல்கத்தா வழி: 1860இல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரி கல்கத்தா பல்கலைக்கழகத்தின் கீழ் தன்னாட்சிக் கல்லூரியாக அப்படியே தொடர்கிறது. அதே இயேசு சபையினர் நியூ டவுனில் புது இடத்தில் தூய சவேரியார் பல்கலைக்கழகத்தை 2017இல் தனியாகத் தொடங்கினார்கள். பல்கலைக்கழகத்துக்குத் தனிச் சட்டம், தனி வளாகம், தனிக் கணக்கு. கல்லூரியில் சேர முடிந்தவருக்குக் கல்லூரி இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு ஏற்றது கொல்கத்தா வழிதான் என்பது என் உறுதியான கருத்து. செலவு அதிகம், உண்மை. 100 ஏக்கர் தேட வேண்டும், கட்டடம் எழுப்ப வேண்டும், பெயர் பரவப் பத்தாண்டு ஆகும். இருக்கும் கல்லூரியை மாற்றினால் நூற்றாண்டுப் பெயரும் மரம் நிறைந்த வளாகமும் முதல் நாளே கைக்கு வரும். அந்தப் பெயரையும் வளாகத்தையும் உருவாக்கியதில் தலைமுறை தலைமுறையாகப் பொதுப்பணம் கலந்திருக்கிறது. அதைத் தனியார் பல்கலைக்கழகத்தின் மூலதனமாக மாற்றுவதற்கு முன் மக்களிடம் ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும்.

தனியார் பல்கலைக்கழகம் என்பதே கெட்டது என்று நான் சொல்லவில்லை. சட்டம் தளர்வாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மட்டும் சத்தீஸ்கரை நினைவூட்டுகிறேன். 2002ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பயன்படுத்தி அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் பல்கலைக்கழகங்கள் முளைத்தன. சிலவற்றுக்கு ஓர் அறைகூட ஒழுங்காக இல்லை. பேராசிரியர் யஷ்பால் தொடுத்த வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டப் பிரிவுகளை ரத்து செய்தது. படித்துக்கொண்டிருந்த மாணவரை மாநிலப் பல்கலைக்கழகங்களோடு இணைத்துக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. மாநிலத் தனியார் பல்கலைக்கழகம் தன் கீழ்க் கல்லூரிகளை இணைத்துக்கொள்ள முடியாது என்பது யுஜிசி விதி. அதாவது, ஓர் இயேசு சபைப் பல்கலைக்கழகம் வந்தால் திருச்சி, பாளையங்கோட்டை, சென்னைக் கல்லூரிகள் எல்லாம் அதன் குடையின் கீழ் வந்துவிடும் என்று சிலர் போடும் கணக்கு சட்டப்படி நடக்காது. இதைத் தெரிந்துகொள்ளாமலே பலர் ஆதரிக்கிறார்கள்.

திருச்சபைச் சட்டத்திலும் ஒரு நிபந்தனை உண்டு. திருச்சபை அதிகாரியின் சம்மதமின்றி எந்தப் பல்கலைக்கழகமும் ‘கத்தோலிக்கப் பல்கலைக்கழகம்’ என்ற பெயரைத் தாங்கக் கூடாது என்கிறது 808ஆம் விதி. 1990இல் இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட ஆவணம், அத்தகைய பல்கலைக்கழகத்தில் கத்தோலிக்கர் அல்லாத ஆசிரியர் பெரும்பான்மையாகிவிடக் கூடாது என்று கேட்கிறது. பல சமயத்தவர் சேர்ந்து கற்பிக்கும் நம் கல்லூரி மரபோடு இதை எப்படிப் பொருத்துவது என்பதை ஆயர்களும் சபைத் தலைவர்களும் முன்கூட்டியே சொல்வது நல்லது. குருமடங்களில் வழங்கப்படும் மெய்யியல், இறையியல் பட்டங்கள் சில திருத்தந்தையின் அதிகாரத்தில் வருபவை. அவற்றை யுஜிசி பட்டத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன்.

சட்டம் எப்படிப் போனாலும், இந்த ஆண்டே சேர்க்கைக்குப் போகும் குடும்பங்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள் உடனடியாகத் தேவை. பெங்களூரின் பல்கலைக்கழகங்கள் பிளஸ் டூ முடிவு வருவதற்குப் பல வாரம் முன்பே நேர்காணல் முடித்துப் பணம் கட்டச் சொல்கின்றன. நம் முடிவுகள் மே மாதத்தில் வந்த பிறகு இங்கே காலைப் பிரிவில் இடம் கிடைக்கிறது. அங்கே கட்டிய தொகை திரும்புமா என்ற கவலையில் சில பெற்றோர் கிடைத்த இடத்தை விட்டுவிடுகிறார்கள். யுஜிசி 2018இல் அறிவித்த விதி தெளிவானது. சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பாக விலகினால் முழுத் தொகையும் (நிர்வாகச் செலவாக ஒரு சிறு பிடித்தம் போக), 15 நாளுக்குள் என்றால் 90 விழுக்காடு, கடைசி நாளுக்குப் பின் 15 நாள் வரை 80, 30 நாள் வரை 50 விழுக்காடு திரும்ப வர வேண்டும். அதற்கு மேல் கிடையாது. நாட்கள் எண்ணப்படுவது நிறுவனம் முறையாக அறிவித்த சேர்க்கைக் கடைசி நாளிலிருந்து. நீங்கள் பணம் கட்டிய நாளிலிருந்து அல்ல. ஆகவே அந்தத் தேதியை அறிவிப்பிலிருந்து நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விலகுவதை மின்னஞ்சலில் எழுத்தாகத் தெரிவியுங்கள். தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது. மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே அறிவிப்பில் இருக்கிறது. சரிபார்த்ததும் திருப்பித் தந்துவிட வேண்டும். தராவிட்டால் யுஜிசியின் குறைதீர்ப்பு இணையதளத்தில் பதியலாம்.

பட்டப் பெயரையும் பாருங்கள். யுஜிசி சட்டத்தின் 22ஆம் பிரிவின் கீழ் அறிவிக்கப்பட்ட பெயராக அது இருக்க வேண்டும். கவர்ச்சியான பாடப் பெயர் அடைப்புக்குள் இருந்தாலும் அதன் முன்னால் பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். என்று ஒன்று நிற்கிறதா என்று பாருங்கள். பின்னாளில் ஆசிரியர் தேர்வு வாரியமோ தேர்வாணையமோ இன்ன பட்டத்துக்குச் சமம் என்னும் இணைத்தன்மைச் சான்று கேட்டு அலைக்கழிப்பது பெரும்பாலும் இங்கேதான். தன்னாட்சிக் கல்லூரியானால், யுஜிசி தந்த தன்னாட்சிக் காலம் எந்த ஆண்டு வரை என்பதையும், நாக் (கல்லூரித் தரத்தை மதிப்பிடும் தேசிய அவை) மதிப்பீடு காலாவதியாகிவிட்டதா என்பதையும் கல்லூரி இணையதளத்திலேயே காணலாம். வருகைப்பதிவு 75 விழுக்காடு என்பதைச் சேரும் நாளிலேயே பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். கிராமத்திலிருந்து வந்து பகுதி நேர வேலை பார்க்கும் மாணவர் பலருக்கு மூன்றாம் பருவத்தில் சறுக்குவது மதிப்பெண்ணில் அல்ல, வருகையில்தான். அங்கே விழுந்த ஒரு பருவம் பட்டத்தை ஓராண்டு தள்ளிவிடும்.

கடைசியாக அரசிடம் ஒரு கோரிக்கை. திருத்த மசோதா எந்த வடிவில் திரும்பி வந்தாலும், அரசு உதவி பெறும் எந்தக் கல்லூரியும் தன் உதவிப் பிரிவை விட்டுக்கொடுத்துப் பல்கலைக்கழகமாக மாற அதில் வழி இருக்கக் கூடாது. மாற்றத்துக்கு அனுமதிப்பதாக இருந்தால், இன்றுள்ள உதவி இடங்கள் துறைவாரியாக எத்தனை என்பது சட்டத்தின் அட்டவணையிலேயே எண்ணாக எழுதப்பட வேண்டும். விதிகளிலோ ஆணையிலோ எழுதினால் போதாது, அவற்றை ஒரு கையெழுத்தில் மாற்றிவிடலாம். அதற்கு முன்னதாகவே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வோர் அரசு உதவி பெறும் கல்லூரியிலும் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, இன்று நிரம்பியிருப்பது எத்தனை, ஒப்புதலுக்காக எந்த அலுவலகத்தில் எத்தனை நாளாகக் கோப்பு நிற்கிறது என்ற பட்டியலைக் கல்லூரிக் கல்வி இயக்ககம் தன் இணையதளத்தில் வெளியிடட்டும். தகவல்கள் எல்லாம் மண்டல அலுவலகங்களில் ஏற்கெனவே இருக்கின்றன. வரும் கல்வியாண்டு தொடங்கும் ஜூன் மாதத்துக்குள் இதைச் செய்துவிட முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி